ஊட்டி, குன்னூரில் வாடகை வீடு: சதுர அடிக் கணக்கு மலையில் செல்லாது

மாற்றலாகி மலைக்கு வருகிறவர்கள் வீட்டுத் தரகரிடம் முதலில் கேட்பது "எத்தனை சதுர அடி?" என்றுதான். சமவெளியில் அது நியாயமான கேள்வி. இங்கே வாடகையைத் தீர்மானிப்பவை வேறு: வாசல் வரை வண்டி வருமா, தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை, சுவரில் வெயில் படுகிறதா. இவற்றுக்கெல்லாம் மேலே சீசன்.

வீடுகள் ஏன் குறைவு என்பதற்குக் காரணம் எளிது. 1993-இல் வந்த மலைவாழிடக் கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டரோடு நிறுத்துகின்றன. கோவையைப் போல இங்கே பத்து மாடி அடுக்ககம் எழும்பி வாடகையைத் தணிக்க வழியில்லை. தேவையோ கூடிக்கொண்டே போகிறது. பிங்கர்போஸ்ட்டில் கலெக்டர் அலுவலகம், அந்தப் பக்கமே அரசு மருத்துவக் கல்லூரி. குன்னூர்ப் பக்கம் வெலிங்டன் ராணுவக் கல்லூரி, அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை. மாதச் சம்பளக்காரர்கள் வீடு தேடுவது இந்த இடங்களைச் சுற்றி நிற்பதே இல்லை. சேரிங்கிராஸ், கமர்ஷியல் ரோடு பக்கம் குடியிருப்புக்கு வீடு கேட்பது வீண் அலைச்சல். கடைக்கும் லாட்ஜுக்கும் கொடுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று உரிமையாளருக்குத் தெரியும். கேத்தி, தலைகுந்தா, எம்.பாலாடா பக்கம் வாடகை இறங்கும். ஆனால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். மாதத்தில் நாலைந்து முறை ஆட்டோ பிடித்தால் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும்.

சீசன் கணக்கைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஒரு பேச்சுக்கு, மாதம் 12,000 ரூபாய் வாடகை வரும் வீட்டை ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாளொன்றுக்கு 3,000 என்று விட்டால் நாலே நாளில் மாத வாடகை வந்துவிடும். உரிமையாளர் மனதில் இந்தக் கணக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். 2024 மே மாதம் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அதற்காக வாடகை இறங்கிவிடும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

பள்ளி திறக்கிறது என்று ஜூன் முதல் தேதி குடிவந்து, வழக்கமான பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் அது ஏப்ரல் 30-இல் முடியும். சரியாக சீசன் உச்சத்தில்! "வாடகையைக் கூட்டுங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள்" என்று கேட்க இதைவிட நல்ல நாள் உரிமையாளருக்குக் கிடைக்காது. ஒப்பந்தம் ஜூலை, ஆகஸ்டில் முடியும்படி காலத்தை வைத்துக்கொள்ளுங்கள். மழையில் புது ஆள் வர மாட்டார். பேரம் பேச உங்களுக்கு இடம் இருக்கும்.

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். பதினோரு மாதம் என்றால் பதிவே வேண்டாம் என்று தரகர்கள் சொல்வது பழைய பழக்கம். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். அந்த "வேறு விதமாக" என்ற சந்தில்தான் பத்து மாத அட்வான்ஸ் நுழைகிறது. கையெழுத்துப் போடும் முன் அந்த வரியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதி அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும். காலி செய்ய வைப்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவதும் சட்டவிரோதம்தான். வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

மாத வாடகைக்குப் பதில் மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துப் போக்கியத்துக்கு எடுப்பவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள போக்கிய அடமானம் பதிவானால்தான் செல்லும். முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்டால் போதும் என்று நம்பிப் பணம் கொடுத்தால், அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் உங்கள் பணம் வரிசையில் கடைசிதான். வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

இனி வீட்டைப் பார்க்கும் விதம். ஊட்டியின் மேற்குப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்குப் பெரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. குன்னூர் வீட்டை மார்ச்சில் பார்த்தால் எல்லாம் பளிச்சென்றுதான் இருக்கும். மண்ணைச் சரித்துக் கட்டிய வீட்டில் பின்சுவர் மேட்டோடு ஒட்டியிருக்கும். ஈரம் அங்கிருந்துதான் ஏறும். அந்தச் சுவரில் கீழே இரண்டு அடிக்கு மட்டும் புது பெயிண்ட் அடித்திருந்தால் காரணம் கேளுங்கள். சுவர் அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், பூஞ்சை வாடை பொய் சொல்லாது. வெளியே தடுப்புச் சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வெளியேறும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா, நடுவில் சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2009 நவம்பர் நிலச்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இது. இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

மின் கட்டணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2 கிலோவாட் கீசர் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். அதே அளவு ரூம் ஹீட்டர் மூன்று மணி நேரம் என்றால் 360. இரண்டும் சேர்ந்தே 480. விளக்கும் பிரிட்ஜும் போட்டால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் வீதம் கூடும். ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன் இருந்தால் இந்த வரம்பு எல்லாருக்கும் பொது. முதல் 100 யூனிட் இலவசமும் ஒன்றே ஒன்றுதான். தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு ஐநூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

கூடலூர்ப் பக்கம் மட்டும் இன்னொரு கேள்வி சேர்த்துக் கேட்க வேண்டும்: "இது செக்ஷன் 17 நிலமா?" 1969 ஜென்மநில (பரம்பரைப் பெருநில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் சிக்கிய நிலங்களுக்குப் பட்டா இல்லை, மின் இணைப்பும் பெரும்பாடு. பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த வயரில் பல்பு எரிகிறதென்றால், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அடுத்த வீட்டைப் பாருங்கள்.