பிங் பதில் வருது, டேலி திறக்கல

“சார், விபிஎன் கனெக்ட் ஆகுது, பிங் போட்டா பதிலும் வருது. டேலி மட்டும் திறக்க மாட்டேங்குது.”

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கணக்காளர் ஒருவரின் புகார் இது. விபிஎன் என்பது வீட்டு லேப்டாப்பை இணையம் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் தனிவழி; பிங் என்பது ஒரு மெஷின் பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்ப்பது; டேலி, ஆபீஸ் சர்வரில் இருக்கும் கணக்கு மென்பொருள். ஒரு வாரமாக “உங்க நெட்தான் ஸ்லோ” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விபிஎன்னைத் துண்டித்துவிட்டு மறுபடி பிங் போடச் சொன்னேன். அப்போதும் பதில் வந்தது! பதிலோடு வரும் டிடிஎல் என்ற எண், சொல்வது எந்த வகை மெஷின் என்று துப்புக் கொடுக்கும்; அது 64. ஆபீஸில் இருப்பது விண்டோஸ் சர்வர். 128-ஐ ஒட்டி வரவேண்டும். பதில் சொல்லிக்கொண்டிருந்தது அவர் வீட்டு ஹாலில் இருந்த டிவி.

ஆபீஸ் சர்வரின் ஐபி முகவரி 192.168.1.10. வீட்டு ரவுட்டர் கொடுப்பதும் அதே 192.168.1.0/24 சப்நெட், அதாவது 32 பிட் முகவரியில் முதல் 24 பிட் (192.168.1) ஒன்றாக இருக்கும் முகவரிக் கூட்டம். எந்த முகவரிக்கு எந்த வழி என்று சொல்லும் ரூட்டிங் டேபிள் ரவுட்டரில் மட்டும் இருப்பதல்ல, லேப்டாப்பிலும் உண்டு; ரூட் பிரிண்ட் என்று அடித்தால் காட்டும். அதில் இந்த சப்நெட்டுக்கு இரண்டு வரிகள்: ஒன்று வைஃபை வழி, ஒன்று விபிஎன் வழி. பொருந்தும் வரிகளில் அதிக பிட் பொருந்துவதற்கே முதலிடம். வேறு எதுவும் பொருந்தாவிட்டால்தான் 0.0.0.0/0, அதாவது மற்ற எல்லாவற்றுக்குமான பொது வழியான டீஃபால்ட் கேட்வே. இங்கே இரண்டுமே 24 பிட். சமம் என்றால் மெட்ரிக், அதாவது அந்த வழிக்கான செலவு எண், குறைந்தது ஜெயிக்கும். வைஃபை ஜெயித்தது. லேப்டாப் வீட்டுக்குள்ளேயே “192.168.1.10 யாரு?” என்று கூப்பிட, டிவி “நான்தான்” என்றது.

அந்த சர்வருக்கு மட்டும் விபிஎன் வழியாக ஒரு /32 ரூட், அதாவது 32 பிட்டும் பொருந்தும் ஒற்றை முகவரிக்கான வரி, போட்டேன். 32 பிட்டை மிஞ்ச எதுவும் கிடையாது, டேலி திறந்தது.

இதே விதிதான் 2008 பிப்ரவரி 24 அன்று யூடியூபைப் படுக்க வைத்தது. தன் முகவரிகள் என்று மற்ற நெட்வொர்க்குகளுக்கு யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22. உள்நாட்டில் தடுப்பதற்காக பாகிஸ்தான் டெலிகாம் போட்ட 208.65.153.0/24 வெளியே கசிந்தது. உலக ரவுட்டர்கள் அதிக பிட் பொருந்திய /24-ஐயே நம்பின.

என் /32 ஒட்டுத்தையல்தான். தனியார் நெட்வொர்க்குக்கென்று ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம் ஒதுக்கிய 10.0.0.0/8-இல் மட்டும் 1,67,77,216 முகவரிகள் இருக்கின்றன. ஆனாலும் பெட்டியில் வந்த 192.168.1-ஐயே ஆபீஸுக்கும் வைத்துக்கொள்கிறோம். புது ஆபீஸ் போடுகிறவர்கள் முதல் பிரிண்டரை மாட்டுவதற்கு முன்பே இதை மாற்றிவிடுங்கள். இந்த ஆபீஸை 10.37.20.0/24-க்கு மாற்ற எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. பிரிண்டர், சிசிடிவி எல்லாவற்றிலும் ஐபியைக் கையால் போட்டு வைத்திருந்தார்கள். அட்டெண்டன்ஸ் மெஷினின் அட்மின் பாஸ்வேர்டோ யாருக்கும் தெரியவில்லை.