முதலில் சாப்பாடு, அப்புறம்தான் காரணம்

பசியே இல்லை, வயிறு உப்புசமாக இருக்கிறது, இரண்டு வாய் சாப்பிட்டாலே நெஞ்சுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது. உணவுக் கோளாறு என்னும் மனநலப் பிரச்சினையோடு என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் முதல் நாள் சொல்வது இதைத்தான். குண்டாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று எடுத்த எடுப்பில் சொல்பவர்கள் குறைவு. அவர்கள் வந்து சேர்வதற்குள் குடும்பம் ஊரிலிருக்கும் வயிற்று டாக்டர்களை எல்லாம் பார்த்து முடித்திருக்கும். எண்டோஸ்கோபி நார்மல், ஸ்கேன் நார்மல், ஒரு பை நிறைய அல்சர் மாத்திரை, பசி எடுக்க டானிக், நடுவில் ஒரு மந்திரிப்பு. எடை மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும்.

இது நம் பக்கம் மட்டும் நடப்பதில்லை. ஹாங்காங்கில் மனநல மருத்துவர் சிங் லீ 1990-களிலேயே இதை எழுதினார். அவர் பார்த்த அனொரெக்சியா (சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் ஆபத்தான அளவுக்கு இளைத்துவிடும் நோய்) நோயாளிகளில் கணிசமானோர் பருமனைப் பற்றிப் பேசவே இல்லை, வயிறு நிறைந்திருக்கிறது, சாப்பிடப் பிடிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். இந்திய மருத்துவர்களும் இதே மாதிரியான நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இதில் பிள்ளை நடிக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் குறைவாகச் சாப்பிட்டால் இரைப்பை காலியாவதே மந்தமாகிவிடும், உப்புசம் உண்மையாகவே இருக்கும்.

மருத்துவ உளவியலாளராக இருக்கும் எனக்கு வீடுகளில் அடிக்கடி காதில் விழுவது, "முதல்ல அவ மனசு சரியாகட்டும், மனசு சரியானா சாப்பாடு தானா இறங்கும்" என்பது. ரொம்ப அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். சாப்பாடு உள்ளே போனால்தான் மனசு சரியாக ஆரம்பிக்கும், ஏனென்றால் பட்டினி கிடக்கும் மூளையோடு உட்கார்ந்து எவ்வளவு ஆழமாகப் பேசினாலும் அந்தப் பேச்சு நிற்பதற்கு அங்கே இடம் இருக்காது.

இதற்கு நான் பெற்றோரிடம் எப்போதும் சொல்லும் ஒரு ஆய்வு உண்டு. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில், 1944-45-ல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்துச் செய்தது. போருக்குப் போக மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்று சொன்னவர்கள், உடலும் மனமும் திடமாக இருக்கிறதா என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் அவர்களுக்குச் சாப்பாட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார்கள். யாருக்கும் ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கிடையாது. ஆனாலும் என்ன ஆனது தெரியுமா? நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசிப்பது, தட்டிலிருப்பதை மணிக்கணக்கில் பிசைந்து பிசைந்து தின்பது, எரிச்சல், சோர்வு, நண்பர்களை விட்டு விலகல், எப்போதும் குளிர். மறுபடி முழுச் சாப்பாடு கிடைத்தபோது சிலர் வயிறு வெடிக்கிற அளவுக்குத் தின்றும் பசி அடங்காமல் தவித்தார்கள், சிலர் தொப்பை போட்டுவிட்டது என்று வருந்தினார்கள். நாம் நோயாளியின் பிடிவாதம், வினோதப் பழக்கம் என்று நினைக்கும் பலவற்றை வெறும் பட்டினியே அந்த இளைஞர்களுக்குள் உண்டாக்கிவிட்டது.

அனொரெக்சியாவில் இந்தப் பட்டினி வெளியே தெரிகிறது. புலிமியாவில் (கட்டுப்பாடிழந்து தின்றுவிட்டு, வாந்தி போன்ற வழிகளில் அதை ஈடுகட்டும் நோய்) தெரியாது, எடை சாதாரணமாகவே இருக்கலாம், அதனால் வருடக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் வராது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல், மதியம் பேருக்குக் கொறித்துவிட்டு, வைராக்கியத்தோடு ஓட்டும் ஒருவர் இரவு பத்து மணிக்குப் பிரிட்ஜுக்கு முன்னால் நின்று கையில் கிடைத்ததை எல்லாம் ருசி கூடத் தெரியாமல் தின்கிறார். அப்புறம் அருவருப்பு, பயம், வாந்தி, "நாளைலேருந்து கண்டிப்பா" என்ற சபதம், மறுநாள் மறுபடி காலைப் பட்டினி. வாந்தி இல்லாமல் கட்டுப்பாடிழந்த தீனி மட்டும் திரும்பத் திரும்ப வருவதும் ஒரு நோய்தான், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-ல் அதைத் தனிக் கோளாறாகச் சேர்த்தது. இவர்களிடம் நாக்கைக் கட்டு என்று சொல்வது எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றுவது. இரவுத் தீனியில் பெரும்பங்கு பகலில் விட்டுப்போன சாப்பாடு.

சோஷியல் மீடியா வந்து கெடுத்துவிட்டது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை உண்டு. லண்டனில் வில்லியம் கல் இந்த நோய்க்கு அனொரெக்சியா நெர்வோசா என்று பெயர் வைத்தது 1870-களில், அப்போது சினிமாவே கிடையாது. ஆனால் ஃபிஜித் தீவில் ஆன் பெக்கர் செய்த ஆய்வையும் தள்ளிவிட முடியாது. நல்ல வாட்டசாட்டமான உடம்பை மெச்சும் ஊர் அது. ஒரு பகுதிக்கு 1995-ல் தொலைக்காட்சி வந்தது. அந்த வருடம் எடை குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்ன பள்ளி மாணவி ஒருவர் கூட இல்லை, 1998-ல் 11 சதவீதத்துக்கு மேல் அப்படிச் சொன்னார்கள். இங்கேயும் ஒரு தலைமுறைக்கு முன்னால் "நல்லா உடம்பு போட்டிருக்கே" என்பது பாராட்டு. இன்று அதே அத்தை அதே கல்யாண மண்டபத்தில் அதே வார்த்தையைச் சொன்னால் அந்தப் பெண் அன்றிரவு சாப்பிடுவதில்லை. பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) என்று ஸ்கேனில் வந்தவுடன் "வெயிட்டைக் குறைம்மா" என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவது, நீட் கோச்சிங் ஹாஸ்டலில் சாப்பாடு பிடிக்காமல் ஆரம்பித்துப் பழகிப்போவது, வாரத்தில் ஒரு நாள் விரதம் மூன்று நாளாவது, இப்படி எந்த வாசலில் வேண்டுமானாலும் இது நுழையும். இந்த வாசல்களைத் தாண்டும் எல்லாருக்கும் வருவதும் இல்லை. பரம்பரைக்கும் இதில் நல்ல பங்கு உண்டு, எதையும் கச்சிதமாகச் செய்தே தீர வேண்டும் என்ற சுபாவத்துக்கும் உண்டு. அதனால் தயவுசெய்து அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

சரி, சிகிச்சை என்றால் என்ன செய்வோம்? பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்படும் அனொரெக்சியாவில் இன்று முதல் தேர்வு குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவானது. ஆரம்பத்தில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது என்ற முடிவைப் பெற்றோர் கையில் எடுத்துக்கொள்வார்கள், உடம்பு தேறத் தேற அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திரும்பும். ஆரம்பத்திலேயே ஒரு அமர்வில் குடும்பம் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தியின் குடும்பம் அப்படி வந்தது (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). டிபன் கேரியரில் சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர் சாதம். அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு சின்ன டப்பா, அதில் வெள்ளரிக்காயும் எண்ணெய் படாத ஒரு சப்பாத்தியும். "இதைத்தான் மேடம் சாப்பிடுறா, அதான் கொண்டு வந்தேன்" என்றார் அம்மா. அந்த டப்பாவை மூடி ஓரமாக வைக்கச் சொன்னேன். இவ்வளவு இளைத்துப்போன பிள்ளைக்கு என்ன தேவை என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதை நீங்களே பரிமாறுங்கள் என்றேன். அவள் ஒவ்வொரு உருளைக்கிழங்குத் துண்டையும் டிஷ்யூவில் ஒற்றி ஒற்றி எடுத்தாள், சாதத்தைப் பருக்கை பருக்கையாகப் பிரித்தாள். அப்பா போன் வாங்கித் தருவதாகப் பேரம் பேசினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு "அம்மாவுக்காக ஒரு வாய்டா" என்றார். பிறகு அப்பாவுக்குக் கோபம் வந்தது. இரண்டு பேரையும் அவளுக்கு இரு பக்கமும் உட்கார வைத்து, பேரமும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம், இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை மட்டும் சொல்லுங்கள் என்றேன். "இது உனக்குத் தேவை. சாப்பிடு. நாங்க பக்கத்துலயே இருக்கோம்." அவள் கத்தினாள், அழுதாள், நீங்க எல்லாரும் சேர்ந்து என்னைக் கொல்றீங்க என்றாள். அவர்கள் அதே குரலில் அதையே சொன்னார்கள். வெகுநேரம் கழித்து, அவள் இவ்வளவுதான் என்று நிறுத்தியிருந்த அளவைத் தாண்டி ஒரு வாய் உள்ளே போனது. பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாதங்கள் கழித்து, நன்றாகத் தேறிய பிறகு, அந்தப் பெண் என்னிடம் சொன்னது இது: "எனக்குள்ளயும் சாப்பிடணும்னு இருந்துச்சு. நானா எடுத்துச் சாப்பிட்டா தப்பு பண்ண மாதிரி இருக்கும். அவங்க சொல்லிச் சாப்பிட்டப்ப அந்தத் தப்பு என்னோடது இல்லைன்னு ஆயிடுச்சு." அடிப்பதும் வாயில் திணிப்பதும் இதில் சேர்த்தி இல்லை, அது பயத்தைத்தான் வளர்க்கும். கனிவும் உறுதியும் ஒரே நேரத்தில் வேண்டும், மூன்று வேளையும் வேண்டும். அது எவ்வளவு களைப்பான வேலை என்று கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

பெரியவர்களுக்கு, குறிப்பாகப் புலிமியாவிலும் கட்டுப்பாடற்ற தீனியிலும், அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சை) நன்றாகக் கைகொடுக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த முறையில் எடை மிகவும் குறையாதவர்களுக்குச் சுமார் 20 அமர்வு. முதல் வேலை எடையைக் குறைப்பதோ வாந்தியை நிறுத்துவதோ அல்ல, நேரத்துக்குச் சாப்பிடுவது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு முறை சிற்றுண்டி, எந்த இடைவெளியும் நாலு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கூடவே என்ன சாப்பிட்டோம், அப்போது மனதில் என்ன ஓடியது என்று அந்தந்த நேரத்திலேயே எழுதி வைக்க வேண்டும். பலர் நம்பாமல்தான் ஆரம்பிக்கிறார்கள், சில வாரங்களில் இரவுத் தீனி குறைவதைப் பார்த்து அவர்களே ஆச்சரியப்படுகிறார்கள். தவிர்த்து வந்த பூரியும் பிரியாணியும் திரும்பத் தட்டுக்கு வருவது, ஒரு நாளைக்கு இருபது தடவை கண்ணாடி பார்த்து இடுப்பைக் கிள்ளிப் பார்ப்பதை விடுவது, என் மதிப்பு என் எடையில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையை அசைத்துப் பார்ப்பது எல்லாம் அதற்குப் பின்னால் வரும். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் ஃப்ளுவாக்ஸெடின் மாத்திரை புலிமியாவில் உதவும். அனொரெக்சியாவைத் தனியாகக் குணப்படுத்தும் மாத்திரை எதுவும் கிடையாது.

உடம்பைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம், வெளியே பார்க்க ஆரோக்கியமாக இருப்பவருக்கும் இது நடக்கும். பல்லின் எனாமல் கரைந்திருப்பதைப் பார்த்துப் பல் டாக்டர்தான் முதலில் கண்டுபிடிப்பார், சில சமயம். மயக்கம், நாடித் துடிப்பு மிகக் குறைவது, மாதவிடாய் நிற்பது, கை கால் சில்லிட்டே இருப்பது, இதில் எது இருந்தாலும் கவுன்சலிங்குக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள், ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இன்னொன்று, மிகவும் இளைத்துப்போனவருக்கு வீட்டிலேயே திடீரென்று நிறையச் சாப்பாடு கொடுக்க ஆரம்பிக்கக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் சடாரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தத் தொடக்கம் மருத்துவமனைக் கண்காணிப்பில் நடக்க வேண்டும். மனநோய்களிலேயே உயிரிழப்பு அதிகமுள்ளவற்றில் அனொரெக்சியா ஒன்று, அந்த மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று தற்கொலை. சாக வேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அது சாப்பாட்டிலிருந்து தப்பிக்கச் சொல்வது என்று ஒதுக்காதீர்கள்.

ஆண் பிள்ளைகளுக்கும் வரும். ஜிம், புரோட்டீன் பவுடர், சிக்ஸ் பேக் என்று ஆரம்பிப்பதால் வீட்டில் பெருமையாகவே பார்த்துக்கொண்டிருப்பார்கள். காய்ச்சலிலும் உடற்பயிற்சியை விட முடியவில்லை, வெளியே யார் வீட்டிலும் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை என்றால் கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தேறுவதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு வருடங்கள். பரீட்சை, கல்யாணம், பிரசவம், புது ஊர் என்று வாழ்க்கை புரளும்போது பழையது எட்டிப் பார்க்கும். சீக்கிரம் திரும்பி வந்தால் சீக்கிரம் சரிசெய்யலாம், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், அல்லது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். போகும்போது கடந்த ஒரு வருடத்தில் எடை எப்படி மாறியது, கடைசியாக மாதவிடாய் எப்போது, சாப்பிட்ட உடனே பாத்ரூம் போகும் பழக்கம் உண்டா, என்னென்ன மாத்திரை, என்ன விரதம், இதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வயிற்று வலி என்று மட்டும் சொல்லி உட்காராதீர்கள். "சாப்பிடவே பயப்படுறா" என்று சொல்லுங்கள்.