"பத்தி 17-ல் அது இல்லையே?" என்றார் நீதிபதி.

பாகப்பிரிவினை வழக்கு ஒன்றில் இடைக்காலத் தடை கேட்டு வாதாடிக்கொண்டிருந்தேன். பிராது, அதாவது வாதி தாக்கல் செய்யும் வழக்கு மனு, 41 பக்கம். வழக்கு மூலம் (வழக்குத் தொடரக் காரணம்) பற்றிய பத்தியில் 'மேலே பத்தி 17-ல் விவரித்துள்ள கிரையப் பத்திரம்' என்று எழுதியிருந்தோம். நீதிபதி 17-ஐப் புரட்டினார். அங்கே தகப்பனாரின் மருத்துவச் செலவுக் கணக்குதான் இருந்தது. கிரையப் பத்திரம் 19-க்கு நகர்ந்துவிட்டிருந்தது. நான் தேடி எடுப்பதற்குள் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "பிராதே குழப்பமாக இருக்கிறது" என்றார்.

தாக்கல் செய்வதற்கு முந்தைய இரவு கட்சிக்காரர் இரண்டு பழைய ஆவணங்களோடு வந்தார். நடுவில் இரண்டு பத்திகள் சேர்த்தோம். பத்தி எண்கள் தானாக மாறின. வாக்கியத்துக்குள் கையால் அடித்திருந்த '17' மட்டும் மாறவில்லை. டைப்பிஸ்ட் மேல் எந்தத் தவறும் இல்லை. வேர்டு கோப்பை வெறும் தட்டச்சு இயந்திரம் போலப் பயன்படுத்திய என் பழக்கம்தான் காரணம்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6-ஆம் கட்டளை 2-ஆம் விதி, வழக்குரைகளை (பிராது, எதிருரை போன்றவற்றை) தேவைக்கேற்பப் பத்திகளாகப் பிரித்து வரிசையாக எண்ணிடச் சொல்கிறது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் வழக்கு முழுவதும் நடக்கிறது. அதை மனித ஞாபகத்தை நம்பி விடக்கூடாது.

வேர்டில் 'ரெஃபரன்சஸ்' பட்டியலில் 'கிராஸ் ரெஃபரன்ஸ்' இருக்கிறது. '17' என்று அடிப்பதற்குப் பதில் அதைத் திறந்து, 'நம்பர்டு ஐட்டம்' தேர்ந்து, உரிய பத்தியைச் சுட்டுங்கள். பத்திகளுக்குத் தானியங்கி எண் போட்டிருந்தால்தான் இது வேலை செய்யும். எண் உடனே மாறிவிடாது. கன்ட்ரோல் + ஏ அழுத்தி, பிறகு எஃப்9 அழுத்த வேண்டும். சுட்டிய பத்தியையே நீக்கியிருந்தால் 'எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்' என்று வரும். பிரின்ட் கொடுப்பதற்கு முன் 'எரர்' என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.

அடுத்தது தலைப்புகள். 'வழக்கின் சுருக்கம்', 'சொத்து விவரம்', 'பரிகாரம்' போன்றவற்றை போல்டு செய்து விட்டுவிடாமல் 'ஹெடிங் 1' பாணி கொடுங்கள். கன்ட்ரோல் + ஆல்ட் + 1 போதும். 'வியூ' பட்டியலில் 'நேவிகேஷன் பேன்' திறந்தால் அத்தனை தலைப்பும் இடப்பக்கம் வரிசையாக நிற்கும். ஒன்றைத் தொட்டால் அங்கே போகலாம். இழுத்து நகர்த்தினால் அந்தப் பகுதி முழுவதும் நகரும். நீண்ட எழுத்து வாதத்தில் எந்த வாதத்தை முன்னால் வைப்பது என்று சீனியர் மனம் மாற்றும்போது இதன் அருமை தெரியும்.

தமிழில் டிராஃப்ட் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வரிக்கு ஹெடிங் பாணி கொடுத்தால், எழுத்துரு மாறி வரி புரியாத ஆங்கில எழுத்துகளாகிவிடும். முதலில் 'ஹெடிங் 1' மேல் வலது கிளிக் செய்து, 'மாடிஃபை' போய் உங்கள் எழுத்துருவை அமைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய கோப்பில், எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அடித்துத் தேடினாலும் எதுவும் கிடைக்காது. புதிய டிராஃப்டுகளையாவது யூனிகோடில் தொடங்குங்கள்; எங்கள் அலுவலகத்தில் மாறுவதற்குச் சிரமப்பட்டோம், ஆனால் திரும்பிப் போக யாரும் விரும்பவில்லை.

இ-ஃபைலிங்குக்கு பி.டி.எஃப் ஆக்கும்போது 'பிரின்ட்' வழியாகப் போகாதீர்கள், தலைப்புப் புக்மார்க்குகள் போய்விடும். 'சேவ் ஆஸ்' போய், 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் ஹெடிங்குகளிலிருந்து புக்மார்க் உருவாக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள். திரையில் படிக்கும் நீதிபதிக்கு அது பெரிய உதவி.

பிராதுக்குப் பதிலாகப் பிரதிவாதி தாக்கல் செய்யும் எதிருரையில் மட்டும் கிராஸ் ரெஃபரன்ஸ் வசதி பாதிதான் உதவும். நாம் மறுக்கும் எண்கள் எதிராளியின் பிராதில் இருப்பவை. வேர்டுக்கு அவை தெரியாது. 8-ஆம் கட்டளை 5-ஆம் விதிப்படி, குறிப்பாக மறுக்காத கூற்று ஒப்புக்கொண்டதாகக் கருதப்படும். அதனால் எங்களிடம் ஒருவர் பிராதை எண்ணோடு வாசிப்பார், இன்னொருவர் எதிருரையில் அதற்கான மறுப்பைப் பேனாவால் டிக் செய்வார். பிராது திருத்தப்பட்டு வந்தால் மறுபடியும் முதல் பத்தியிலிருந்து.