சுவரில் ஒட்டிய ரேடான்

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலுள்ள கேட்ரின் சோதனை, மின்னூட்டமில்லாத மிக மிக லேசான துகளான நியூட்ரினோவைப் பிடிக்காமலே அதன் நிறையை அளக்கப் பார்க்கிறது. டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) அணு சிதையும்போது ஒரு எலெக்ட்ரானும் ஒரு எதிர்நியூட்ரினோவும் (நியூட்ரினோவின் எதிர்த்துகள், நிறை ஒன்றே) சுமார் 18.6 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. நியூட்ரினோவுக்கு நிறை இருந்தால் எலெக்ட்ரானால் முழுப் பங்கையும் அள்ளிக்கொண்டு போக முடியாது. அந்தச் சிறு குறையைத்தான் தேடுகிறார்கள். வினாடிக்குப் பத்தாயிரம் கோடி சிதைவுகள் நடந்தும், உச்ச ஆற்றலை நெருங்கி வரும் எலெக்ட்ரான்கள் மிக அரிது. அதனால்தான் பின்னணி இரைச்சலை, அதாவது வேறெங்கிருந்தோ வந்து கணக்கில் சேரும் எலெக்ட்ரான்களைக் கண்டு இவ்வளவு பயம்.

எலெக்ட்ரான்களைச் சலிப்பது 23 மீட்டர் நீளம், 10 மீட்டர் விட்டமுள்ள எஃகுக் கலம். உள்ளே மைனஸ் 18,600 வோல்ட் அளவில் மின்னழுத்தம். எலெக்ட்ரானுக்கு அது ஒரு மேடு. உச்சியைத் தாண்டியவை மறுபக்கம் சரிந்து உணரியில் விழும். தொல்லை என்னவென்றால், கலத்தின் நடுவிலேயே எங்கிருந்தோ பிறக்கும் எலெக்ட்ரானும் அதே மேட்டிலிருந்துதான் சரிகிறது. உணரிக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதலில் மாட்டியது, வெற்றிடத்தை உண்டாக்க வைத்த பம்பே! வாயுவை உறிஞ்சும் அதன் உலோகப் பட்டைகளிலிருந்து ரேடான்-219 என்ற கதிரியக்க வாயு கசிந்தது. அது கலத்துக்குள் சிதையும்போது எலெக்ட்ரான்கள் பிறக்கும். வழியில் செப்புத் தடுப்புகளை வைத்துத் திரவ நைட்ரஜனால் குளிர்வித்தார்கள். ரேடான் அதில் ஒட்டிக்கொள்ளும். அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் நேரம்) 4 வினாடிதான் என்பதால் பெரும்பாலும் அங்கேயே சிதைந்துவிடும்.

அப்புறமும் இரைச்சல் அடங்கவில்லை. வினாடிக்கு 0.01 எண்ணிக்கை என்று திட்டமிட்ட இடத்தில் பத்து மடங்குக்கும் மேல் வந்தது. கலத்தைக் கட்டிய நாட்களில் சாதாரணக் காற்றிலிருந்த ரேடான்-222, சிதைந்து, உட்சுவரில் ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயத்தை விட்டுப் போயிருந்தது. அதன் அரை ஆயுள் 22 ஆண்டு. தானாகத் தீரும் என்று காத்திருக்க முடியாது. அதன் வழிவரும் பொலோனியம் ஆல்ஃபா துகளை உமிழும்போது, பின்னுதையில் சுவரிலிருந்து கிளர்ச்சியுற்ற அணுக்கள், அதாவது ஒரு எலெக்ட்ரான் மிகத் தளர்வாக ஒட்டியிருக்கும் அணுக்கள், தெறிக்கின்றன. மின்னூட்டம் இல்லாத அவற்றைச் சுவரோரம் கட்டிய மின்கம்பி வலையும் காந்தப்புலமும் தடுப்பதில்லை. உள்ளே மிதந்து வந்ததும், அறை வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிரே அவற்றின் எலெக்ட்ரானைக் கழற்றிவிடப் போதும். இதுதான் பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம்.

சுவரைச் சுத்தம் செய்ய வழியில்லை. ஆனால் கணக்கில் சேர்வது உச்சிக்கும் உணரிக்கும் இடையே பிறக்கும் எலெக்ட்ரான்கள்தானே? எனவே மேட்டின் உச்சியையே உணரிப் பக்கமாக நகர்த்தி, அங்கே காந்தப்புலத்தைக் கூட்டிப் பாதையையும் குறுக்கினார்கள். இரைச்சல் ஏறத்தாழப் பாதியானது. எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.  259 நாள் தரவைக் கொண்டு 2025 இல் வெளியான முடிவு, நியூட்ரினோ நிறையின் மேல்வரம்பை 0.45 எலெக்ட்ரான்வோல்ட்டாக இறக்கியது. இதற்கு ஒரு விலையும் உண்டு: நகர்ந்த இடத்தில் புலங்கள் சீராக இல்லை. கிளர்ச்சியுற்ற அணுக்கருவுள்ள கிரிப்டான்-83m வாயு தரும் எலெக்ட்ரான்களின் ஆற்றல் துல்லியமாகத் தெரியும் என்பதால், அதைச் செலுத்தி ஒவ்வொரு பகுதியின் புலத்தையும் அளந்து சரிபார்க்க வேண்டியிருக்கிறது.