ஏழு ஆண்டு கெடாத பீர்

1796இல் லண்டன் ஓவியர் ஜோசப் ஃபாரிங்டன், தான் குடித்த போர்ட்டர் என்ற கரும்பழுப்பு பீரைப் பற்றி நாட்குறிப்பில் எழுதிவைத்தார். லண்டனின் சதர்க் பகுதியில் இருந்த த்ரேல் பீர் ஆலையில் ரஷ்யப் பேரரசிக்கென்றே காய்ச்சியதாம். ஏழு ஆண்டு கெடாதாம். சாதாரண பீர் சில மாதங்களிலேயே சுவை மங்கிவிடும். இது மட்டும் எப்படித் தாங்கியது? இம்பீரியல் ஸ்டவுட் என்று இன்று அழைக்கப்படும் இந்த வகையை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பலர் வீட்டிலேயே காய்ச்சி, ஆண்டுக்கணக்கில் பாட்டிலில் வைத்திருக்கிறார்கள்.

முதல் காரணம் ஆல்கஹால். தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்தால், இந்த ஸ்டவுட்டுக்கான மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சாறு 1.100 வரை போகும். அது நொதித்து 1.025இல் நின்றால் ஆல்கஹால் 10 சதவீதத்தை நெருங்கும். இலங்கையின் லயன் ஸ்டவுட்டே 8.8 சதவீதம்தான். இவ்வளவு ஆல்கஹாலில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. ஆனால் ஈஸ்ட்டுக்கும் இது சோதனைதான். உப்பில் போட்ட மாங்காய்த் துண்டு நீர்விட்டுச் சுருங்குவதுபோல், சர்க்கரை மிகுந்த சாற்றில் ஈஸ்ட் செல்களும் நீரை இழக்கின்றன. அதனால் ஈஸ்ட்டை வழக்கத்தைவிட அதிகமாகப் போட வேண்டும். தொடக்கத்தில் சாற்றில் நன்றாகக் காற்றேற்ற வேண்டும். வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூடு ஏறினால் தொண்டையை எரிக்கும் ஃபியூசல் ஆல்கஹால்கள் பெருகும். 'வைத்திருந்தால் சரியாகிவிடும்' என்று பலர் நம்புகிறார்கள். எரிச்சல் கொஞ்சம் தணிந்ததுபோல் தோன்றலாம், ஃபியூசல்கள் எங்கும் போய்விடுவதில்லை. நன்றாக நொதித்த பீரை மட்டுமே பழக வைப்பதில் பொருளுண்டு.

பாட்டிலை மூடிய பிறகு நடப்பதில் பெரும்பங்கு ஆக்சிஜனுடையது. மூடியின் உட்பக்கப் படலத்தின் வழியாகக்கூட அது மெல்லக் கசிந்து வரும். வெளிர்நிற பீரில் இதன் விளைவு கொடியது. பீர் பழசாகும்போது தலைதூக்கும் டிரான்ஸ்-2-நோனெனல் என்ற வேதிப்பொருள், நனைந்த அட்டைப்பெட்டியின் சுவையைக் கொண்டுவரும். லிட்டருக்கு ஏறக்குறைய 0.1 மைக்ரோகிராம் இருந்தாலே நாக்கு பிடித்துவிடும். கறுப்பு ஸ்டவுட்டிலும் அது வராமல் இல்லை. ஆனால் 200 டிகிரிக்கு மேல் வறுத்த பார்லியின் காபி, சாக்லேட் சுவைக்குள் அமுங்கிப்போகிறது. மால்ட்டைச் சூடாக்கும்போது உருவாகும் மெலனாய்டின்கள் என்ற பழுப்பு நிறப்பொருள்களும் ஆக்சிஜனை ஓரளவு தம்மீது வாங்கிக்கொள்கின்றன. உலர்திராட்சை, பேரீச்சை, ஷெர்ரி ஒயின் சாயல்கள் மெல்ல எழுகின்றன. எல்லாம் 'மெல்ல' என்பதில்தான் இருக்கிறது. பாட்டிலில் ஊற்றும்போதே பீரைத் தளும்பவிட்டால், ஷெர்ரிக்கு முன்னால் அட்டைப்பெட்டி வந்து நிற்கும்.

பீருக்குக் கசப்பூட்டச் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பும் காலத்தில் கரையும். கசப்பு தரும் ஐசோ-ஆல்ஃபா அமிலங்களுக்கு டிரான்ஸ், சிஸ் என இரு மூலக்கூறு வடிவங்கள் உண்டு; டிரான்ஸ் வடிவங்கள் சிஸ் வடிவங்களைவிட வேகமாகச் சிதைகின்றன. ஆகவே நீண்ட நாள் வைக்கப்போகும் ஸ்டவுட், புதிதாக இருக்கையில் கசப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்க வேண்டும்.

ஃபாரிங்டன் குடித்த பீரில் இன்றைய கறுப்பு மால்ட் கிடையாது. மால்ட்டைக் கறுக்க வறுக்கும் தன் உருளை வறுப்பானுக்கு டேனியல் வீலர் காப்புரிமை பெற்றதே 1817இல்தான். அக்காலப் போர்ட்டருக்கு நிறம் தந்தது பழுப்பு மால்ட். மரப்பீப்பாய்களில் வேறொரு துணையும் இருந்தது. 1904இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் பீர் நிறுவன ஆய்வகத்தின் நீல்ஸ் ஹியெல்டெ கிளாஸன், நாள்பட வைத்த ஆங்கில பீர்களுக்கு அவற்றின் தனிச்சுவையைத் தருவது பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் என்று அறிவித்தார். சாதாரண ஈஸ்ட் விட்டுவைக்கும் டெக்ஸ்ட்ரின்கள் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளையும் இது தின்னும். தோல், தொழுவம் போன்ற மணங்களைத் தரும். என்னைப் பொறுத்தவரை ஸ்டவுட் வரலாற்றில் இதைவிடச் சுவையான அத்தியாயம் இல்லை. ஆனால் வீட்டுப் பாட்டிலில் இது அழையாமல் புகுந்தால், மிச்சச் சர்க்கரை எல்லாம் வாயுவாகி பாட்டில் வெடிக்கக்கூடும்.

மாதக்கணக்கில் தொட்டியில் கிடந்த பீரில் ஈஸ்ட் களைத்துப்போயிருக்கும். அதனால் பாட்டிலில் அடைக்கும்போது புது ஈஸ்ட் கொஞ்சம் சேர்ப்பது நல்லது. அது வாயுவை உண்டாக்கும், உள்ளே சிக்கிய ஆக்சிஜனையும் தின்றுவிடும். அப்புறம் 10 முதல் 13 டிகிரியில், இருட்டில், நிமிர்த்தி வைக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். சோயா சாஸ் வாடை அடித்தால், அடியில் படிந்த ஈஸ்ட் செல்கள் செத்துச் சிதையத் தொடங்கிவிட்டன. மீதிப் பாட்டில்களை அந்தப் பருவத்திலேயே குடித்துவிடலாம்.