ஒட்டிய குளுக்கோஸை ஏன் வெட்ட வேண்டும்?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஒரு நொதி குறிப்பிட்ட ஒரு வடிவத்தைத்தான் பிடிக்கும் என்று படித்தோம். ஒரு புரதத்துக்குச் சரியான வடிவம் ஒன்று; தப்பாக மடிய ஆயிரம் வழி. அத்தனை தப்பையும் செல்லுக்குள் எது கண்டுபிடிக்கிறது?" விடையின் முக்கியமான பகுதி அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. புவனோஸ் ஐரிஸில் அர்மாண்டோ பரோடி என்ற உயிர்வேதியியலாளர் கிளைக்கோஜனில் (உடல் குளுக்கோஸைக் கோத்துச் சேமித்து வைக்கும் வடிவம்) ஆரம்பித்து, சர்க்கரை ஒட்டிய புரதங்களான கிளைக்கோபுரதங்களுக்கு வந்து, கடைசியில் ஒரே ஒரு குளுக்கோஸின் போக்குவரத்தைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டறிந்த விடை அது.

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். செல்லுக்கு வெளியே சுரக்க வேண்டிய புரதமும் சவ்வில் உட்கார வேண்டிய புரதமும் எண்டோபிளாச வலைக்குள் நுழைந்து அங்கேதான் மடிகின்றன. நுழையும்போதே அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் ஒரு சர்க்கரைக் கொத்து ஏறிவிடும். அதில் மொத்தம் 14 சர்க்கரை: அடியில் 2 என்-அசிட்டைல்குளுக்கோசமின், அதன்மேல் கிளைவிட்ட 9 மானோஸ், ஒரு கிளையின் நுனியில் மட்டும் 3 குளுக்கோஸ். அஸ்பராஜின், அடுத்து புரோலின் தவிர ஏதோ ஒரு அமினோ அமிலம், அதற்கடுத்து செரின் அல்லது திரியோனின் என்ற வரிசை எங்கே வருகிறதோ, அங்கே அஸ்பராஜினில் கொத்து ஒட்டும். ஒவ்வொரு சர்க்கரையாகப் புரதத்தில் கோப்பதில்லை. டோலிக்கால் என்ற நீளமான கொழுப்பு மூலக்கூறின் மேல் 14-ஐயும் கட்டி முடித்துவிட்டு, கொத்தாகத் தூக்கி வைக்கிறது செல்.

இந்த டோலிக்கால் சங்கதியும் புவனோஸ் ஐரிஸ் சரக்குதான். அங்கே லூயிஸ் லெலுவார் 1947-இல் ஹைமே காம்போமார் என்ற துணி ஆலை அதிபரின் பணத்தில் தொடங்கிய சிறிய ஆய்வு நிலையத்தை வழிநடத்தினார். 1940-களில் குளிரூட்டும் மையவிலக்குக் கருவி வாங்க வசதியில்லாமல், பனிக்கட்டியும் உப்பும் நிரப்பிய டயர் ட்யூபைக் கருவியைச் சுற்றிக் கட்டி வேலை பார்த்த மனிதர். செல்லுக்குள் சர்க்கரை வெறுமனே போய் ஒட்டிக்கொள்வதில்லை, யு.டி.பி. என்ற நியூக்ளியோடைடைக் கைப்பிடியாகக் கொண்டு வந்துதான் ஒட்டுகிறது என்று காட்டியதற்காக 1970-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. அதே ஆண்டு அவரும் நிக்கோலாஸ் பெரன்ஸும் குளுக்கோஸ் டோலிக்காலில் ஏறுவதை ஈரல் சாற்றில் காட்டினார்கள். பரோடி அந்த ஆய்வகத்து மாணவர். கிளைக்கோஜன் துகள் எப்படிக் கட்டப்படுகிறது என்பதில் கைபழகி, டோலிக்கால் வேலையில் சேர்ந்தவர்.

இப்போது புதிர். புரதத்தில் கொத்து ஏறிய கையோடு அந்த மூன்று குளுக்கோஸையும் செல் வெட்டி எடுத்துவிடுகிறது. குளுக்கோசிடேஸ்-1 முதலாவதை வெட்டும். குளுக்கோசிடேஸ்-2 மீதி இரண்டை. வெளியே போகும் புரதத்தில் குளுக்கோஸ் பொதுவாக இருக்காது. எடுக்கத்தான் போகிறோம் என்றால் சக்தியைச் செலவழித்து வைப்பானேன்?

திறவுகோல் ஒரு ஒட்டுண்ணியில் இருந்தது. தென் அமெரிக்க ஏழைகளை வாட்டும் சாகஸ் நோயைத் தருவது ட்ரிபனோசோமா குரூசி. அதன் டோலிக்காலில் கட்டப்படும் கொத்தில் குளுக்கோஸே கிடையாது என்று பரோடி குழு 1980-களின் தொடக்கத்தில் கண்டது. ஆனால் அதே ஒட்டுண்ணியின் புரதங்களில் சிறிது நேரம் குளுக்கோஸ் தென்பட்டு மறைந்தது. பாலூட்டியின் செல்லில் இதைப் பார்த்திருந்தால், ஏற்கெனவே இருந்த மூன்றில் மிச்சம் என்று தள்ளியிருக்கலாம். இங்கே மிச்சம் என்று சொல்ல வழியே இல்லை. எனவே புரதத்தில் நேரடியாக ஒரு குளுக்கோஸை ஒட்டும் நொதி இருந்தாக வேண்டும். கன்றின் தைராய்டு செல்லிலும் அதே செயல் தெரிந்தது. அந்த நொதிதான் யு.ஜி.ஜி.டி.; முழுப்பெயர் யு.டி.பி-குளுக்கோஸ் கிளைக்கோபுரத குளுக்கோசில் டிரான்ஸ்ஃபரேஸ்.

அதன் குணத்தைக் காட்டிய சோதனையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மாட்டின் தைராய்டிலிருந்து எடுத்த தைரோகுளோபுலின் என்ற கிளைக்கோபுரதத்தை 8 மோலார் யூரியாவில் போட்டு மடிப்பைக் குலைக்க வேண்டும்; பிறகு டயாலிசிஸ் செய்து யூரியாவை நீக்க வேண்டும். எலி ஈரலின் மைக்ரோசோம் (செல்லை உடைக்கும்போது எண்டோபிளாச வலை துண்டாகி உருவாகும் குமிழிகள்), கதிரியக்கக் கார்பன்-14 ஏற்றிய யு.டி.பி-குளுக்கோஸ், கால்சியம் ஆகியவற்றை இதோடு சேர்த்து வைத்து, டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் புரதத்தை வீழ்படிவாக்கிக் கதிர்வீச்சை எண்ணுவார்கள். கேட்கச் சுலபம், கெட்டுப்போக இடம் நிறைய. சோப்பு மாதிரியான டிடர்ஜென்ட் சேர்க்காவிட்டால் மைக்ரோசோம் குமிழிக்குள் உட்கார்ந்திருக்கும் நொதியைத் தைரோகுளோபுலின் சென்று அடையாது. காஸ்டனோஸ்பெர்மின் போன்ற தடுப்பான் போடாவிட்டால் ஒட்டிய குளுக்கோஸைக் குளுக்கோசிடேஸ்-2 உடனே வெட்டிவிடும், கையில் ஒன்றும் மிஞ்சாது. இ.டி.டி.ஏ. இருந்தால் கால்சியம் பிடிபட்டு நொதியே நின்றுவிடும். டோலிக்காலில் ஏறிய கதிரியக்கக் குளுக்கோஸும் வீழ்படிவோடு ஒட்டிக்கொண்டு வரும். குளோரோஃபார்ம்-மெத்தனால் கலவையால் கழுவாவிட்டால் பொய்க்கணக்கு காட்டும். ஈரல் என்பதால் கிளைக்கோஜனிலும் அதே குளுக்கோஸ் ஏறியிருக்கும். நல்லவேளையாகக் கிளைக்கோஜன் அந்த அமிலத்தில் கரைந்து நிற்கும், புரதம் மட்டும் கீழே இறங்கும்.

1989-இல் வந்த முடிவு: மடிப்புக் குலைந்த தைரோகுளோபுலினில் குளுக்கோஸ் ஏறியது, இயல்பான தைரோகுளோபுலினில் ஏறவில்லை. அமினோ அமிலங்களும் அவைதான், சர்க்கரைக் கொத்துகளும் அவைதான். வித்தியாசம் மடிப்பு மட்டுமே.

1994-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரி ஹெலேனியஸ் குழு மறுபாதியைக் கொண்டு வந்து சேர்த்தது. எண்டோபிளாச வலையில் கால்நெக்சின், கால்ரெட்டிகுலின் என்று இரண்டு பிடிப்புப் புரதங்கள் உண்டு. கொத்தில் சரியாக ஒரு குளுக்கோஸ் மிஞ்சியிருந்தால் அவை பிடிக்கும். மூன்று இருந்தாலும் பிடிக்காது, ஒன்றுமே இல்லாவிட்டாலும் பிடிக்காது. பிடித்தபடி, கூடவே இருக்கும் ஈ.ஆர்.பி-57 என்ற நொதியின் உதவியால் கந்தகப் பிணைப்புகளைச் சரிசெய்ய அவகாசம் தருகின்றன. பிடி தளரும் நேரத்தில் குளுக்கோசிடேஸ்-2 அந்தக் கடைசிக் குளுக்கோஸை வெட்டும், புரதம் விடுபடும். சரியாக மடிந்துவிட்டதா, புரதங்களைப் பிரித்து அனுப்பும் அடுத்த நிலையமான கோல்கை நோக்கிப் போகலாம். மடியவில்லையா, யு.ஜி.ஜி.டி. ஒரு குளுக்கோஸை மறுபடி ஒட்டும். கால்நெக்சின் மறுபடி பிடிக்கும். ஃபெயிலான பையனை அதே வகுப்பில் திரும்ப உட்கார வைப்பது போல.

இதில் ரசிக்க வேண்டியது வேலைப் பிரிவினையை. பிடிப்பவருக்கு மடிப்பைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம், குளுக்கோஸ் தெரிந்தால் போதும். வெட்டுபவரும் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. சோதிப்பது ஒட்டுபவர் ஒருவர்தான்.

அவர் எப்படிச் சோதிக்கிறார்? வாசகரின் கேள்விக்கு நேரான பதில் இங்கேதான். யு.ஜி.ஜி.டி. தப்பான வடிவங்களை மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை. எல்லாத் தப்புக்கும் பொதுவான இரண்டு அறிகுறிகளைத்தான் தேடுகிறது. ஒன்று, நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் வெளியே தெரிவது. ஒழுங்காக மடிந்த புரதம் அவற்றை உள்ளே புதைத்துவிடும். இரண்டாவது அறிகுறி கொத்தின் அடியில், புரதத்தை ஒட்டி இருக்கும் முதல் என்-அசிட்டைல்குளுக்கோசமின். மடிந்த புரதத்தில் அது பக்கத்து அமினோ அமிலங்களோடு உறவாடி மறைந்து நிற்கும். குலைந்தால் வெளியே வரும். எண்டோ-ஹெச் நொதியால் கொத்தை வெட்டிப் பார்க்கும் எல்லோருக்கும் இதன் சாயல் தெரியும். டிடர்ஜென்ட்டில் கொதிக்க வைத்துப் புரதத்தைக் குலைத்தால்தான் பல புரதங்களில் வெட்டு ஒழுங்காக விழும், ஏனென்றால் அது வெட்டும் இடமும் அந்த அடிப்பகுதிதான். இரண்டு அறிகுறியும் ஒரே மூலக்கூறில் சேர்ந்திருந்தால்தான் யு.ஜி.ஜி.டி. கை வைக்கும். சுமார் 1,500 அமினோ அமிலம் கொண்ட பெரிய நொதி இது. குளுக்கோஸை ஒட்டுவது வால்பக்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். மீதி எல்லாம் தடவிப் பார்ப்பதற்கு.

எத்தனை முறை திரும்ப உட்கார வைப்பது? கணக்கு மானோஸில் இருக்கிறது. எண்டோபிளாச வலையில் மெதுவாக வேலை செய்யும் மானோசிடேஸ் நொதிகள் கொத்திலிருந்து மானோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கின்றன. நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும் புரதம் மானோஸை இழந்துகொண்டே போகும். குளுக்கோஸ் ஏற வேண்டிய அந்த நுனி மானோஸும் போய்விட்டால் யு.ஜி.ஜி.டி.க்கு ஒட்ட இடமில்லை. அதன்பின் சைட்டோபிளாசத்துக்குத் தள்ளி, யுபிக்விட்டின் முத்திரை குத்தி, புரோட்டியசோமில் அரைத்துவிடுவார்கள்.

"எட்டு அத்தியாவசியச் சர்க்கரை" என்று டப்பா போட்டு விற்பவர்கள் இந்த இடத்தில் உள்ளே வருவார்கள். கிளைக்கோபுரதத்துக்கு மானோஸ் வேண்டும், ஆகவே மானோஸ் பொடி சாப்பிடு என்பது அவர்கள் வாதம். செல், ஃப்ரக்டோஸ்-6-பாஸ்பேட்டிலிருந்து மானோஸைத் தானே செய்துகொள்கிறது. சோறு தின்றாலே போதும். அந்த மாற்றத்தைச் செய்யும் ஐசோமரேஸ் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு மட்டும் வாய்வழி மானோஸ் உண்மையிலேயே மருந்து. 1998-இல் அது நிரூபணமானது. அரிய நோய்க்கான அந்தச் சிகிச்சையைக் காட்டி ஊருக்கெல்லாம் பொடி விற்பது ஏமாற்று. நிதிக்குழுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை: "ஒரு ஒட்டுண்ணியின் சர்க்கரைக் கொத்தில் குளுக்கோஸ் இல்லை, ஏன் என்று பார்க்கிறோம்" என்று விண்ணப்பம் எழுதினால், பயன் என்ன, எத்தனை மாதத்தில் என்று கேட்டுத் திருப்பி அனுப்பும் குழுக்கள்தான் இன்றைக்கு அதிகம். பதில் அந்த ஒட்டுண்ணியில்தான் இருந்தது.

இந்தச் சோதனை அளவுக்கு மீறிக் கண்டிப்பானது என்பதையும் சொல்ல வேண்டும். அராபிடாப்சிஸ் செடியில் பிராசினோஸ்டீராய்டு ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிப் புரதத்தில் ஒரு திடீர்மாற்றம் உண்டு. மாறிய ஏற்பி வேலை செய்யக்கூடியதுதான். ஆனால் மடிப்பில் சிறு கோணல் என்பதால் எண்டோபிளாச வலையிலேயே நிறுத்தி வைக்கப்படுகிறது, செடி குட்டையாக நின்றுவிடுகிறது. அந்தக் குட்டைச் செடியில் யு.ஜி.ஜி.டி. மரபணுவும் கெட்டுப்போனால் ஏற்பி தப்பித்துச் செல் சவ்வுக்குப் போய்விடுகிறது, செடி உயர்ந்து வளர்கிறது. 2007-இல் வந்த ஆய்வு இது. பிளவு ஈஸ்ட்டும் யு.ஜி.ஜி.டி. இல்லாமல் சாதாரண நிலையில் பிழைத்துக்கொள்ளும். ஆனால் யு.ஜி.ஜி.டி-1 இல்லாத எலிக்கரு பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகிறது. அதனால்தான் பயனுள்ள புரதம் வழியில் சிக்கிக்கொள்ளும் நோய்களுக்கு மருந்து தேடுகிறவர்கள், சோதிப்பவரை ஒரேயடியாக முடக்காமல், புரதத்தையே பிடித்து நிமிர்த்தும் சிறு மூலக்கூறுகளின் பக்கம் போகிறார்கள். நுரையீரலைப் பாதிக்கும் பரம்பரை நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கூட்டு மருந்தில் எலெக்சாகாஃப்டரும் டெசாகாஃப்டரும் அந்த வகை.