தங்கச்சிக்கு ஏன் அந்தக் குளிசை?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். தங்கச்சிக்கு நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது. கிளினிக்கில் எழுதிக் கொடுத்த துண்டோடு பாமசிக்குப் போனால், அங்கே நின்ற பெடியன் ஆட்கள் கேட்க, "அக்கா, இது ஆம்பிளைகள் போடுற குளிசையெல்லோ?" என்றானாம். சில்டெனாபில். வயாகரா என்று ஊரறிந்த அதே மருந்து. டொக்டர் மாறி எழுதிவிட்டாரா?

இல்லை, சரியாகத்தான் எழுதியிருக்கிறார். தங்கச்சிக்கு இருப்பது சுவாசப்பை நாடிகளில் குருதி அமுக்கம் கூடும் நோய் (pulmonary hypertension).

இதயத்தின் இடப்பக்கம் உடலுக்கும் வலப்பக்கம் சுவாசப்பைக்கும் குருதியை அனுப்புகிறது. இது பள்ளிப் பாடம். கையில் பட்டி சுற்றிப் பார்க்கும் 120/80 இடப்பக்கத்துக் கணக்கு. சுவாசப்பை நாடியில் சராசரி அமுக்கம் ஏறக்குறைய 14 மில்லிமீற்றர் இரசம்தான். அது 20ஐத் தாண்டினால் நோய். தாண்டுவதற்குப் பல காரணங்கள் உண்டு. சுவாசப்பையின் நுண்ணிய நாடிகளே சுருங்கி, சுவர் தடித்துப் போவது அதில் ஒரு வகை. தங்கச்சிக்கு எழுதிய குளிசை இந்த வகைக்குத்தான். குழாயின் ஆரை பாதியானால் தடை 16 மடங்கு. மெல்லிய சுவருள்ள வலது இதயவறை அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி, விரிந்து, கடைசியில் களைத்துப்போகும். கைப் பிரசரோ சாதாரணமாகவே இருக்கும்.

இனி எனக்குப் பிடித்த இடம். ராபர்ட் பர்ச்கொட் என்ற அமெரிக்கர் முயலின் பெருநாடித் துண்டுகளில் அசற்றைல்கோலீன் என்ற இரசாயனத்தை விட்டுப் பார்த்தார். சில துண்டுகள் தளர்ந்தன, சில தளரவே இல்லை. மருந்து ஒன்று, நாடியும் ஒன்று. பிறகுதான் பிடிபட்டது: வெட்டித் தயாரிக்கும்போது உட்படை உரஞ்சுப்பட்ட துண்டுகள்தான் தளர மறுத்தன. அந்த ஒற்றைக் கலப் படை வெறும் பூச்சு அல்ல, தசைக்கு ஏதோ செய்தி அனுப்புகிறது என்று 1980இல் எழுதினார். அந்தச் செய்தி ஒரு வாயு என்று பின்னர் தெரிந்தது. வாகனப் புகையில் வருகிற நைத்திரிக் ஒட்சைட்டு! சில செக்கன்களே தாங்கும் அந்த வாயு தசைக் கலத்துக்குள் நுழைந்து சக்கர ஜிஎம்பி என்ற பொருளை உண்டாக்க, தசை தளர்ந்து குழாய் விரிகிறது. பர்ச்கொட்டுக்கும் இக்னாரோ, முராட் இருவருக்கும் 1998இல் நோபல் கிடைத்தது. முயல் நாடியை உரஞ்சிப் பார்ப்பதற்கு ஏன் காசு என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

தங்கச்சியின் நோயில் இந்த வாயு குறைந்துவிடுகிறது. கொஞ்சம் உண்டாகும் ஜிஎம்பியையும் பிடிஈ5 என்ற நொதியம் சிதைத்துவிடுகிறது. வரத்துக் குறைந்த தொட்டியில் அடி ஓட்டையை அடைப்பதுபோல, சில்டெனாபில் அந்த நொதியத்தைத் தடுக்கிறது. பிடிஈ5 நிறைய இருக்கும் இரண்டு இடங்கள் ஆண்குறியும் சுவாசப்பையும். பைசர் கம்பனி நெஞ்சுவலிக்கென்று ஆராய்ந்த மருந்து 1998இல் ஆண்களுக்கு வந்தது. 2005இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கும் அனுமதி கிடைத்தது. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைத்திரேற்றுக் குளிசையோடு இதைச் சேர்க்கவே கூடாது. பிரசர் ஆபத்தான அளவுக்கு விழும்.

நோயைவிடப் பெரிய பாரம் அதைக் கண்டுபிடிப்பது. பெண்களுக்கே கூடுதலாக வரும். களைப்பென்றால் இரத்தச்சோகை, மூச்சென்றால் முட்டு என்று வைத்தியம் நடக்கும். வயலில் மயங்கி விழுந்தால் பார்வை பார்த்து நூல் கட்டுவார்கள். கட்டட்டும், ஆனால் அதோடு விட்டுவிடக்கூடாது. வசதியான நாடுகளிலேயே நோயைச் சரியாகப் பெயர் சொல்ல ஈராண்டளவு போய்விடுகிறது. 1980களில், தகுந்த மருந்துகள் வருமுன், அமெரிக்க நோயாளிகளில் பாதிப்பேர் நோய் கண்டறிந்து 2.8 ஆண்டுக்குள் இறந்தார்கள். இன்று நிலைமை எவ்வளவோ மேல், நேரத்தோடு பிடித்தால்.

சந்தேகத்தைக் கிளப்ப எக்கோ, அதாவது இதயத்தை ஒலியலையால் படம் பார்க்கும் ஸ்கான், போதும். உறுதிப்படுத்த நாளத்தின் வழியே குழாய் விட்டு அமுக்கத்தை நேரே அளக்க வேண்டும். அதற்கு வன்னியை விட்டுப் போகவேண்டும். கிளிநொச்சியிலிருந்து கொழும்பென்றால் 300 கிலோமீற்றருக்கு மேல். அரச ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். பஸ் காசும், கூடப்போகிறவரின் இழந்த நாட்கூலியும் இலவசமில்லை. கர்ப்பம் இந்த நோயாளிக்கு உயிராபத்து என்பதால் டொக்டர்மார் வேண்டாம் என்பார்கள். கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் அதை யார் வாய்திறந்து சொல்வது?

பிறவியிலேயே இதயத்தில் பெரிய ஓட்டையுள்ள பிள்ளையைக் காலத்தோடு கண்டால், அதனால் வரும் இந்த நோயைத் தடுக்கவே முடியும். வெளிநாட்டுக் காசில் எங்கள் ஊர்களில் கோபுரங்கள் உயர்கின்றன. ஒரு கோபுரத்தின் காசில் நல்ல எக்கோ மெசினும் அதை இயக்கப் படித்த ஒரு பிள்ளைக்குச் சம்பளமும் வரும். எந்தச் சாமியும் கோபிக்காது என்றுதான் நினைக்கிறேன்.